வடலி இல்லாத காடு

பனங்காட்டுக்குள் நுழைகிற எவரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். உயரம், குலை, பாளை, காற்றில் சலசலக்கும் ஓலை எல்லாம் மேலேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்டுக்கு இன்னும் எத்தனை காலம் ஆயுள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் தலையைக் குனிய வேண்டும். பெருமரங்களின் காலடியில் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் ஓலை விரித்து நிற்கிற வடலிகளை எண்ண வேண்டும். தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இளம்பனைக்கு வடலி என்று தனிப்பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. மேலே இருப்பது இன்றைய வருமானம். கீழே இருப்பது பேரப்பிள்ளைகளின் சொத்து.

பசிபிக் பெருங்கடலின் தென்மேற்கில், ஒரு சின்னத் தீவின் மலை உச்சியில், மேகத்துக்குள் வாழ்கிறது ஒரு குட்டிப் பனை. உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. நூறாண்டுக்கு முன் அந்தக் காட்டிலிருந்து வடலிகள் மறையத் தொடங்கின. வளர்ந்த மரங்கள் பசுமை குறையாமல் நின்றன, பூத்தன, காய்த்தன. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மேகம் உட்காரும் மலை

லார்ட் ஹோவ் தீவு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தின் போர்ட் மக்வாரி நகரிலிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், டாஸ்மான் கடலில் பிறைநிலா வடிவில் கிடக்கிறது. நீளம் 10 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 1788 பிப்ரவரியில் 'சப்ளை' என்ற பிரிட்டிஷ் கப்பல் நார்ஃபோக் தீவுக்குப் போகும் வழியில் இதைக் கண்டது. அதற்கு முன் இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. 1834-ல்தான் முதல் குடியேற்றம். இன்றும் சில நூறு பேரே அங்கே குடியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் அனுமதிப்பதும் இல்லை. 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம்.

ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்த ஓர் எரிமலையின் மிச்சம்தான் இந்தத் தீவு. அலை அரித்தது போக நின்றவற்றில் பெரியவை தென்கோடியில் உள்ள இரண்டு மலைகள்: 777 மீட்டர் உயர லிட்ஜ்பேர்டு, 875 மீட்டர் உயர கோவர். இரண்டும் கடலிலிருந்து சுவர்போலச் செங்குத்தாக எழுகின்றன. வழிகாட்டி இல்லாமல் கோவரில் ஏற அனுமதி இல்லை. பாறையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க ஒரு முழுப் பகல் ஆகிவிடும்.

875 மீட்டர் என்பது ஏற்காட்டின் உயரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். பெரிய மலைத்தொடர்களில், மேகம் மூடி ஈரம் சொட்டும் மேகக்காடுகளைப் பார்க்க 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். இவ்வளவு தாழ்வான மலையில் மேகக்காடு எப்படி வந்தது? கடல்தான் காரணம். நிலப்பரப்பின் மேல் வெகுதூரம் வரும் காற்று வழியில் ஈரத்தை இழந்து விடுகிறது. இங்கே காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தடவிக்கொண்டு, நீராவியில் ஊறி வந்து, எதிர்பாராமல் ஒரு சுவரில் மோதுகிறது. மோதிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே போகப்போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும்போது குளிரும். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று என்பதால் சில நூறு மீட்டர் ஏறியதுமே நீராவி துளியாகிவிடுகிறது. கடற்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கோவரின் தலையில் மட்டும் ஒரு வெள்ளைத் தலைப்பாகை உட்கார்ந்திருக்கும்.

மேகத்துளி மழைத்துளி போல விழாது. அவ்வளவு சின்னது; காற்றோடு மிதந்து போகும். ஆனால் போகிற வழியில் ஓர் இலை நுனி, ஒரு பாசிக் கற்றை, ஒரு பெரணி மடல் குறுக்கிட்டால் அதில் ஒட்டிக்கொள்ளும். பத்து துளி நூறாகும், நூறு சேர்ந்து கனத்துச் சொட்டும். மழையே பெய்யாத நாளிலும் மேகக்காட்டில் மரத்தடி நனைந்திருப்பது இதனால்தான். இந்தக் காட்டுக்கு மரங்களே சல்லடை, பாசியே தொட்டி.

கோவரின் உச்சி கூராக இருக்காது. மேடும் பள்ளமுமான ஒரு சிறு மேட்டுநிலம். அங்கும் லிட்ஜ்பேர்டின் முகட்டிலுமாகச் சேர்த்து இந்தக் காட்டின் பரப்பு 30 ஹெக்டேருக்கும் குறைவு. நம் கணக்கில் எழுபத்தைந்து ஏக்கர் கூட இல்லை. ஒரு நடுத்தரக் கிராமத்தின் வயல்வெளி அளவு. மரங்கள் குட்டையானவை; கடற்காற்று முறுக்கிய கணுக்கணுவான கிளைகள். அடிமரம் முதல் சுள்ளி வரை பாசி போர்த்தியிருக்கும். ஆரஞ்சு நிறப் பூப் பூக்கும் ஒரு மரத்தைத் தீவுக்காரர்கள் பூசணி மரம் என்கிறார்கள். இன்னொன்றுக்குக் காரப்பட்டை மரம் என்று பொருள்படும் பெயர். மரப்பெரணிகள், தரைப்பெரணிகள், ஆர்க்கிட் செடிகள். இவற்றில் பலவும் இந்தத் தீவுக்கு வெளியே கிடையாது.

அவற்றுக்கு நடுவில் நிற்கிறது நம் பனை.

ஒரே ஒரு குருத்து

தீவில் அதைச் சிறு மலைப்பனை என்று சொல்கிறார்கள். தாவரவியல் பெயர் லெபிடோராக்கிஸ் மூரியானா. 750 மீட்டருக்குக் கீழே அநேகமாக அதைப் பார்க்க முடியாது. பனை என்றதும் நம் மனம் அறுபது அடி உயரத்துக்குத் தாவும். இது பெரும்பாலும் ஆள் உயரம், மிஞ்சிப்போனால் ஒரு வீட்டுக் கூரை உயரம். அடிமரம் குட்டையாக, உயரத்துக்குப் பொருந்தாத பருமனோடு இருக்கும். உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அந்த வளைய இடுக்குகளிலும் பாசி. ஓலை நம் பனையைப் போல விசிறி அல்ல, தென்னையைப் போல இறகு. ஆனால் தென்னையின் தொங்கலும் நளினமும் இல்லை. விறைப்பாக நிமிர்ந்து, காற்றோடு மல்லுக்கட்டப் பிறந்தது போலிருக்கும். ஒரே பாளையில் ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்தே இருக்கும். காய் பழுத்தால் சிவப்பு. அளவு ஒரு கோலிக்குண்டு.

இந்தப் பேரினத்தில் வேறு இனம் கிடையாது, உடன்பிறப்பில்லாத ஒற்றைப்பிள்ளை. 1869-ல் சிட்னி தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் சார்லஸ் மூர் இந்தத் தீவுக்கு வந்தார். மெல்போர்னிலிருந்த தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் அவர் பெயரை இந்தப் பனைக்குச் சூட்டினார். முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டது. எங்கே வைத்தாலும் சரியாகப் பொருந்தவில்லை. 1927-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஓ. எஃப். குக் இதற்கென்றே ஒரு தனிப் பேரினம் அமைத்தார்.

உலகில் ஏறக்குறைய 2,600 பனையினங்கள் உண்டு. மிகப் பெரும்பாலானவை வெப்பநாட்டுக்காரர்கள். காரணம் அவற்றின் உடலமைப்பிலேயே இருக்கிறது. மாமரத்தில் ஒரு கிளையை வெட்டினால் பக்கத்தில் நான்கு தளிர் வரும். பெரும்பாலான பனைகளுக்கு அந்த வசதி இல்லை. தலையில் இருக்கும் ஒரே குருத்துதான் அதன் வளர்ச்சி முழுவதும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: குருத்தழுகல் வந்தால் மரம் போயிற்று. பனி விழும் நாட்டில் அந்த ஒற்றைக் குருத்து உறைந்தால் அத்தோடு கதை முடியும். லார்ட் ஹோவ் தீவு நிலநடுக்கோட்டிலிருந்து 31 டிகிரி தெற்கே இருந்தாலும், சுற்றியுள்ள கடல் ஒரு கம்பளி போல அதைக் காக்கிறது. கோவர் உச்சி கடற்கரையைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ந்தது, ஆனால் உறைவதில்லை. அந்தக் குறுகிய இடைவெளியில்தான் சிறு மலைப்பனை தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. நியூசிலாந்திலும் சான் பிரான்சிஸ்கோ கரையோரத்திலும் பனை வளர்ப்பில் மோகம் கொண்டவர்கள் இதைத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். வெப்பமண்டலத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால், மற்ற பனைகள் தழைக்கும் வெக்கையில் இது சோர்ந்து சாகிறது.

பனையின் உடலில் இன்னொரு விசித்திரம் உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். வேம்பும் தேக்கும் ஆண்டுக்கு ஆண்டு பருக்கின்றன. பட்டைக்கு உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் புதுப்புது மரக்கட்டையை அடுக்கிக்கொண்டே போகிறது. பனைக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகவே உயரத் தொடங்கிய பிறகு பருக்க வழியில்லை. எவ்வளவு பருமன் வேண்டுமோ அதை உயரும் முன்பே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் முளைத்த பனை ஆண்டுக்கணக்கில் அடிமரமே இல்லாமல், தரையோடு தரையாக ஓலை விரித்து உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பது போல் தோன்றும். உள்ளே, மண்மட்டத்தில், குருத்தின் அடிப்பகுதி மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருக்கும். அஸ்திவாரம் போட்டு முடிந்த பிறகே மாடி. நாம் வடலி என்பது இந்த அஸ்திவாரப் பருவத்தைத்தான். வெயில் குறைந்த, குளிர்ந்த மேகக்காட்டில் இந்தப் பருவம் இன்னும் மந்தமாக நகரும்.

ஊர் சுற்றிய உறவு

தீவில் நான்கு பனையினங்கள் இருக்கின்றன. நான்கும், அவை அடங்கிய மூன்று பேரினங்களும், இந்தத் தீவுக்கே உரியவை. சரிவுகளில் பெரிய மலைப்பனை நிற்கிறது. தாழ்நிலத்தில் ஹோவியா பேரினத்தின் இரண்டு இனங்கள். அவற்றில் ஒன்றைப் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள்: கென்டியா பனை. பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையில் தொட்டியில் வைத்திருப்பார்களே, அதுதான். மங்கிய வெளிச்சத்தையும் மறதிக்கார எஜமானர்களையும் பொறுத்துக்கொள்ளும் குணம் அதற்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பிய வரவேற்பறைகள் அதை விரும்பி ஏற்றன. கென்டியா விதை பொறுக்கி விற்றுத்தான் தீவு பிழைத்தது.

ஹோவியாவின் இரண்டு இனங்களும் அறிவியலில் இன்னொரு புகழும் பெற்றவை. ஓர் இனம் இரண்டாகப் பிரிய மலையோ கடலோ நடுவில் வந்து தடுக்க வேண்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பொடி நடையில் கடந்துவிடக்கூடிய இந்தத் தீவில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. 2006-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, ஒரே தீவில் அருகருகே இருந்தபடியே இவை பிரிந்தன என்று காட்டியது. ஒன்று எரிமலை மண்ணைப் பிடித்துக்கொண்டது. மற்றது கடற்கரையின் சுண்ணாம்பு மண்ணுக்கு மாறியது. மண் மாறியதும் பூக்கும் காலமும் மாறி, இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விழுந்தது. ஒன்றின் மகரந்தம் காற்றில் வரும்போது மற்றதன் பூ தயாராக இல்லை. வேலி போட்டது காலண்டர்தான்.

கென்டியா உலகம் சுற்றியது. சிறு மலைப்பனை உச்சியை விட்டு இறங்கவே இல்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே எதிரி வந்தான்.

கரை ஏறியவர்கள்

1918 ஜூன் மாதம் 'மக்காம்போ' என்ற நீராவிக் கப்பல் தீவின் வடக்கே பாறையில் தட்டியது. மூழ்காமல் இருக்க நெட்ஸ் கடற்கரையில் கொண்டுவந்து தரைதட்ட வைத்தார்கள். சரக்கு இறக்கினார்கள், பழுது பார்த்தார்கள், கப்பல் போய்விட்டது. அதிலிருந்து இறங்கிய கறுப்பு எலிகள் போகவில்லை.

கறுப்பு எலி நமக்கு அந்நியன் இல்லை. அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம்தான். இங்கிருந்து வணிகப் பாதைகளில் தொற்றிக்கொண்டு உலகைச் சுற்றியதால் கப்பல் எலி என்றும் பெயர் பெற்றது. தென்னந்தோப்புக்காரரிடம் கேட்டால் அதன் தொழிலைச் சொல்வார்: தரையில் வாழ்வதைவிட மரத்தில் வாழ்வதில் கெட்டிக்காரன், மட்டை விட்டு மட்டை தாவி, குரும்பையையும் இளநீரையும் வட்டமாகத் துளைத்துக் குடித்துவிட்டுப் போவான். பனையினத்தோடு பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ள விலங்கு, எலியையே பார்த்தறியாத பனைகளின் தீவில் கால் வைத்தது. அந்தத் தீவில் வௌவாலைத் தவிர இயல்பாக வாழ்ந்த நிலப் பாலூட்டியே கிடையாது. அங்கே எந்த விதையும் கொறிக்கும் பல்லுக்காகத் தன்னைத் தயார் செய்துகொண்டதில்லை.

முதலில் அழிந்தவை பறவைகள். ஒரு பூங்குருவி, ஒரு வெள்ளைக்கண்ணி, ஒரு விசிறிவால், மைனாவின் உறவான ஒன்று, ஜெரிகோனி என்ற ஒரு குட்டிப் பறவை: இந்தத் தீவுக்கே உரிய ஐந்தும் சில ஆண்டுகளுக்குள் மறைந்தன. முட்டை, குஞ்சு, கூட்டில் உட்கார்ந்த தாய் எதுவும் தப்பவில்லை. உள்ளங்கை நீளக் கறுத்த குச்சிப்பூச்சி ஒன்றும் தீவிலிருந்து ஒழிந்தது. முற்றிலும் அழிந்ததாகவே கருதப்பட்ட அது, 2001-ல் 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஊசியாக நிற்கும் பால்ஸ் பிரமிட் பாறையில், ஒரு புதரின் அடியில் உயிரோடு அகப்பட்டது.

கென்டியா விதை வியாபாரம் அடி வாங்கியதும் ஊர் விழித்துக்கொண்டது. எலிவால் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தார்கள். 1920-களில் எலி பிடிக்க வெளியிலிருந்து ஆந்தைகளை இறக்கினார்கள். ஆந்தைகள் எலியை ஒழிக்கவில்லை; தங்கள் பங்குக்குத் தீவின் பறவைகளையும் பிடித்தன. ஊரைச் சுற்றி எலிமருந்து வைத்ததால் தாழ்நிலத்தில் தொல்லை ஓரளவு குறைந்தது. உச்சியில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஒருநாள் முழுக்கக் கயிறு பிடித்து ஏறி இறங்க வேண்டிய இடம் அது. எலிக்கோ கயிறு தேவையில்லை.

மேகம் சூழ்ந்த இரவில் அங்கே நடப்பதைக் கற்பனை செய்வது கடினமில்லை. பாளைக்குலையிலிருந்து உதிர்ந்த ஒரு சிவப்புப் பழம் பாசி மெத்தையில் கிடக்கிறது. எலி அதை இரு முன்னங்கால்களாலும் எடுத்து உருட்டுகிறது. தோலையும் மெல்லிய சதையையும் உரித்து எறிந்துவிட்டு, ஓட்டில் பல் வைக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கடினமான ஓட்டைக் கொறிப்பது அதற்குப் பல் தீட்டுவது மாதிரி. உள்ளே இருப்பது முளைக்கு என்று தாய்மரம் கட்டிக்கொடுத்த சோறு. முதல் ஓலை வெளிச்சத்தைப் பிடிக்கும் வரை குழந்தையைக் காக்கிற கொழுப்பும் மாவும். அதைத் தின்று முடிக்கச் சில நிமிடம் போதும். விடிந்தால் பாசியின் மேல் பல் தடம் பதிந்த அரை ஓடு கிடக்கும். அடுத்த பழத்துக்கும் இதே கதி.

மரம் மறைக்கும் உண்மை

இவ்வளவு நடந்தும் காட்டின் தோற்றம் மாறவில்லை. எலி வளர்ந்த மரத்தை ஒன்றும் செய்வதில்லை. 1918-க்கு முன் வேர் பிடித்த மரங்கள் அப்படியே நின்றன. உச்சிக்குப் போன பயணிகள் மேகத்தில் மிதக்கும் பனைக்கூட்டத்தைப் பார்த்து வியந்துவிட்டு இறங்கினார்கள். நீண்ட ஆயுள் கொண்ட உயிர்களில் இருக்கும் ஏமாற்று இது. பறவையினம் அழிந்தால் சில ஆண்டுகளில் மௌனம் காட்டிக்கொடுத்துவிடும். மர இனம் அழியத் தொடங்கினால் ஒரு மனித ஆயுளுக்கும் வெளியே தெரியாது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட ஊரில் திண்ணைகள் நிறையப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் கலகலப்பாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அப்படி எட்டிப் பார்த்தது ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குழு ஒன்று. அவர்களின் முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. மரத்தின் வயதைச் சொல்ல ஆண்டு வளையம் எண்ணலாம் என்றால், பனைக்கு அந்த வளையமும் கிடையாது. ஆகவே அவர்கள் உயரத்தை வைத்துக் கணக்கெடுத்தார்கள்: முளை எத்தனை, அடிமரம் விடாத இளம்பனை எத்தனை, வளர்ந்த மரம் எத்தனை. உச்சியில் சில பகுதிகளில் எலிமருந்து வைத்துக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். மற்றவை அப்படியே விட்ட பகுதிகள். இரண்டையும் ஒப்பிட்டபோது, அடிமரம் உள்ள மரங்களின் கணக்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோல வந்தது. அரை மீட்டருக்குக் குறைந்த இளம்பனைகளுக்கு வந்தபோதுதான் வித்தியாசம் முகத்தில் அறைந்தது. மருந்து வைத்த இடத்தில் சிறு மலைப்பனையின் வடலிகள் ஏராளம். வைக்காத இடத்தில் அவை இல்லை. பெரிய மலைப்பனைக்கு அங்கே அரிதாகவாவது சில இருந்தன. சிறு மலைப்பனைக்கு அதுவும் கிடையாது.

இந்த ஒப்பீட்டில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருந்தது. மண் கெடவில்லை, மேகம் வற்றவில்லை, மரங்கள் மலடாகவில்லை. எலி இல்லாத இடத்தில் காடு தானே முளைத்துக்கொள்கிறது. நோய் ஒன்றுதான், அதை நீக்கினால் போதும்.

கடைசி எலி வரை

தீவில் எலியை ஒழிப்பதில் ஒரு கறாரான விதி உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. மீந்த ஒன்று சினையாக இருந்தால் சில ஆண்டுகளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே ஒரே சமயத்தில், தீவின் ஒவ்வொரு எலியின் எல்லைக்குள்ளும் மருந்து விழ வேண்டும். மலை முகட்டிலும், கடற்பாறையிலும், வீட்டுச் சமையலறையிலும். பயன்படுத்தியது ப்ரோடிஃபகூம் என்ற மருந்து. இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது.

ஆள் குடியிருக்கிற தீவில் இதைச் செய்வது எளிதான முடிவு அல்ல. குழந்தைகள், வளர்ப்பு நாய்கள், மீன்பிடிக் கடல் என்று ஊர் அஞ்சியது. பல ஆண்டு வாதம். அக்கம்பக்கத்தார் இரண்டு பட்டார்கள். 2015-ல் கருத்துக் கேட்டபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே சரி என்றார்கள். 2019 குளிர்காலத்தில் வேலை தொடங்கியது. மலைகளில் ஹெலிகாப்டர் மருந்து தூவியது. ஊருக்குள் பெட்டி பெட்டியாகக் கையால் வைத்தார்கள். மொத்தம் சுமார் 42 டன்.

மருந்தைத் தின்று தாங்களும் சாகக்கூடிய தீவுப் பறவைகளை முன்கூட்டியே பிடித்துக் கூண்டுகளில் பாதுகாத்தார்கள். அவற்றில் முக்கியமானது பறக்கத் தெரியாத ஒரு கானாங்கோழி. சிறு மலைப்பனைக்கும் அதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. மனிதர் கொண்டுவந்த பன்றியும் பூனையும் அந்தக் கோழியைத் தின்றுகொண்டே போக, 1970-களில் முப்பதுக்கும் குறைவாக மிஞ்சிய கோழிகளுக்குப் பன்றி ஏற முடியாத கோவர் உச்சிதான் கடைசிப் புகலிடமாக இருந்தது. 1980-ல் அங்கிருந்து மூன்று ஜோடிகளைக் கீழே கொண்டுவந்து இனம் பெருக்கியே அதை மீட்டார்கள். பன்றியிடமிருந்து கோழியைக் காத்த அதே உச்சியால், எலியிடமிருந்து பனையைக் காக்க முடியவில்லை.

2021-ல் இரண்டு எலிகள் தென்பட்டன, ஒன்று சினை. தீவு பதறியது. மோப்ப நாய்களும் பொறிகளும் கேமராக்களுமாக மறுபடி ஒரு வேட்டை. அந்தப் பதற்றமும் அடங்கியது. அதற்குள் காடு பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. கானாங்கோழிகள் பல மடங்கு பெருகின. பழங்கள் கொத்தோடு முழுசாகப் பழுத்தன. மலைப்பனைகளின் காலடியில், பாசியைக் கிழித்துக்கொண்டு முளைகள் எழுந்தன.

மேகம் உயர்ந்தால்

கதையை இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் எலி மட்டுமே பகையாக இருந்த காலம் முடிந்துவிட்டது. கடலும் காற்றும் சூடாகும்போது நீராவி துளியாக மாற வேண்டிய குளிர் இன்னும் உயரத்தில்தான் கிடைக்கும். மேகத்தின் அடிமட்டம் மேலே நகரும். பெரிய மலையில் வாழும் செடிகள் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறித் தப்பிக்கலாம். கோவர் 875 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற மலை இல்லை. இந்த மேகக்காட்டை மிக ஆபத்தான நிலையிலுள்ள காட்டுவகை என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு பட்டியலிட்டதற்கு எலியோடு இதுவும் காரணம்.

மேகம் வராத நாட்கள் கூடினால் முதலில் அடி வாங்குவது வளர்ந்த மரம் அல்ல. முதிர்ந்த வேரும் பருத்த தண்டும் அதைச் சில கோடைகள் தாங்கும். பாசி காயும். பாசியில் வேர் விட்ட முளை காயும். எலி எந்த இடத்தில் கடித்ததோ, வறட்சியும் அதே இடத்தில்தான் கடிக்கும். ஆகவே அந்த உச்சியில் இனி எந்த ஆபத்தைக் கண்காணிப்பதானாலும் தலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

குளிர்காலத்தில் கோவர் உச்சியில் பெட்ரல் என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து மரங்களுக்கு அடியில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. கீழே நின்று உரக்கக் குரல் கொடுத்தால், என்னவென்று பார்க்க வானத்திலிருந்து மனிதரின் காலடியிலேயே வந்து விழுகிற வெள்ளந்திப் பறவை அது. கடலில் தின்ற மீனை எச்சமாக உச்சியில் சேர்க்கிறது. மலையின் மண்ணுக்குக் கடலிலிருந்து எரு. எலி போன முதல் குளிர்காலத்தில் அந்த எருவின் மேல் விழுந்த பழம் எதுவானாலும், இன்னும் அடிமரம் கண்டிருக்காது. நாலைந்து ஓலையோடு பாசிக்குள் உட்கார்ந்து, அவசரமில்லாமல் அகன்றுகொண்டிருக்கும்.

வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள், எட்டாத பலனுக்குக் காத்திருப்பவரைப் பார்த்து. கோவர் உச்சியில் கள்ளுக்கு ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை. நூறாண்டு கழித்து அங்கே கிடைத்திருக்கும் பலனே வடலிதான்.